முடிவு தெரியாமல் எழுதிய அரைப் பத்தி

நான் வேலை பார்த்த பத்திரிகையில் இப்போது துணையாசிரியராக இருக்கும் ஓர் இளைஞர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். வாரம் ஒரு பத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். வாழ்க்கையைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் மனத்தில் படுவதைத் தாராளமாக எழுதலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டார்களாம்.

"தாராளமா எழுதுன்னு சொன்னதுல இருந்து ஒரு வரி கூட வரமாட்டேங்குது அங்கிள். நம்ம பேப்பர்ல இந்த மாதிரிப் பத்தியை மொதல்ல ஆரம்பிச்சது நீங்கதான்னு சொன்னாங்க. எப்படி ஆரம்பிச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்மைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து அவர் முகம் வாடிப் போயிற்று. உட்கார வைத்து, கோப்பி கொடுத்து, பொழுது சாயும் வரை பேசினேன். அவரிடம் முன்னும் பின்னுமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

நான் பிறந்தது மலாய் நாட்டில், கிள்ளானில். அப்பா ரயில்வே கிடங்கில் மூட்டை இறக்கியவர். தமிழ்ப் பள்ளியிலும் அப்புறம் கொஞ்ச காலம் ஆங்கிலப் பள்ளியிலும் படித்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த எங்கள் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். ரப்பர் விலை விழுந்து மறுபடி மெல்ல எழுந்துகொண்டிருந்த முப்பதுகள் அவை. இரண்டு மாடிக் கடைவீடுதான் அலுவலகம். கீழே அச்சு இயந்திரம், மேலே ஆசிரியர். நடுவில் மாடிப்படி; பெரும்பாலும் அதில்தான் நான் இருந்தேன். அச்சின் ஈய எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாக வாசிக்கக் கற்றேன். பிறகு துணையாசிரியன் ஆனேன். கப்பல் வரவு, ரப்பர் விலை, கோயில் திருவிழா அறிவிப்பு, மரண அறிவித்தல், லண்டன் தந்தியின் தமிழாக்கம் எல்லாம் என் கையால் போயின. அத்தனையும் பிறர் சொன்னவை. எனக்கென்று தோன்றியவை தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு என்னைத் தூங்கவிடாமல் செய்தன.

ஆசிரியர் சிற்றம்பலம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றபின் பத்திரிகைக்கு வந்தவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி. எந்தக் கட்டுரை வந்தாலும் உட்கார்ந்து படிக்க மாட்டார். சன்னலருகே எழுந்து நின்று, தமக்குத்தாமே கேட்கும் அளவுக்கு வாய்விட்டு வாசிப்பார். நீலப் பென்சில் காதில் செருகியிருக்கும். வாசிப்பு நின்றது என்றால் அங்கே ஏதோ இடறியது என்று பொருள். பென்சில் காதிலிருந்து இறங்கும். முடிவில் "போடலாம்" என்பார், அல்லது "போடேலாது" என்பார். அதற்கு மேல் விளக்கம் கேட்கும் தைரியம் எங்கள் யாருக்கும் இருந்ததில்லை.

ஒரு நாள் மரண அறிவித்தல்களை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றேன். வாரம் ஒருமுறை எனக்கு அரைப் பத்தி இடம் வேண்டும், மனத்தில் படுவதை எழுத வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உமக்கு என்ன விஷயம் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. ஆனா தோணிக்கிட்டே இருக்கு."

பென்சில் காதிலிருந்து இறங்கியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நல்லது. எழுதத் தொடங்கேக்கையே முடிவு தெரிஞ்சா அது தலையங்கம். அதை நான் எழுதுவன். நீர் முடிவு தெரியாமல் எழுதும், பாப்பம்."

பிறகு இரண்டு நிபந்தனைகள் சொன்னார். ஒருவரைப் பற்றி எழுதினால் அச்சேறும் முன் அவரை நேரில் போய்க் கேட்க வேண்டும். மறுத்து எழுதி யார் கொண்டுவந்தாலும் என்னுடையதற்குக் கொடுத்த அதே நீளம், அதே எழுத்தளவு அவருக்கும் கொடுக்கப்படும். பத்திக்கு என்ன பெயர் என்று கேட்டார். "எனக்குத் தோன்றியது" என்றேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவர் அகராதியில் அது சிரிப்பு.

முதல் வாரம் எழுதியது ரயிலில் நடந்த ஒரு சின்னப் பேச்சை. கிள்ளானிலிருந்து வரும்போது எதிரே இருந்தவர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். கிள்ளான் என்றேன். அது சரி, ஊர் எது என்றார். கிள்ளான்தான் என்றேன். அப்பாவுக்கு ஊர் எது என்றார். நாமக்கல் பக்கம் என்றதும் முகம் மலர்ந்து, கச்சான் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினேன். நாமக்கல்லை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பதில் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். ஐயா நின்றபடி வாசித்தார். பென்சில் ஒரே ஒருமுறைதான் இறங்கியது. "போடலாம்."

பத்தி வெளியான அந்தச் சனிக்கிழமையை எப்படிச் சொல்வது. கால் தரையில் பாவவில்லை. முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பது வழக்கம். என் பத்தி வந்ததும் கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டார். பாதிக் கன்னம் சோப்பு நுரையோடு இருந்த மனிதர், தமக்கு ஊர் தஞ்சாவூர்தான், அதில் என்ன சந்தேகம் என்றார். திரும்பிப் போவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். போக மாட்டேன் என்றார். அப்புறம் என்ன தஞ்சாவூர் என்று இன்னொரு மூலையிலிருந்து குரல் வந்தது. நுரை காய்ந்து பொருக்காகும் வரை வாதம் நடந்தது. எழுதியவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. என் முறை வந்தபோதெல்லாம் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் தலையைத் தொடாமலே வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு வாரங்கள் ஓடின. சாவு வீட்டில் ஏன் உரக்க அழ வேண்டும், விருந்தாளி சாப்பிட்டது போதும் என்றால் ஏன் நம்ப மறுக்கிறோம், கோப்பிக்கடையில் சீனர் சண்டையை நாமும் நம் சண்டையை மலாய்க்காரரும் ஏன் இவ்வளவு ரசித்துப் பார்க்கிறோம் என்றெல்லாம் எழுதினேன். ஒரு வாரம் அண்ணன் தம்பி உறவைப் பற்றி எழுதியபோது அச்சுக் கோக்கும் ஃபோர்மேன் அந்தோணி அண்ணே மாடியேறி வந்தார்.

"தம்பி, அண்ணன் அண்ணன்னு எழுதித் தள்ளிட்டீங்க. எழுத்துப் பெட்டியில ஒரு 'ண்' கூட மிச்சமில்ல. மரண அறிவித்தலுக்கு வேணும்லா. பாதி எடத்துல தமையன்னு போட்டுக்கவா?"

போட்டுக்கொள்ளச் சொன்னேன். என் எழுத்து நடை நயமாக இருக்கிறது, அண்ணன் என்றும் தமையன் என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார் என்று பண்டமாரானிலிருந்து ஒரு தமிழாசிரியர் பாராட்டி எழுதியிருந்தார். அதை அந்தோணி அண்ணேயிடம்தான் கொடுத்தேன்.

இனி மிஸ்ஸி ஞானத்தின் கதைக்கு வருகிறேன். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ஞானம் அரசாங்க மருத்துவச்சி. ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைகளிலும் சுற்றியிருந்த கம்பம் எனப்படும் சிற்றூர்களிலும் பிரசவம் பார்ப்பவர். வெள்ளைச் சேலை, கறுப்புப் பை, வேகமான நடை. ஒரு காலை அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது மணியோசை கேட்டுத் திரும்பினேன். மிஸ்ஸி சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பை பின்னால் கட்டியிருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்தார். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மாட்டை மறந்து வாய் பிளந்து நின்றார். கோப்பிக்கடையில் இருந்தவர்கள் தம்ளரோடு வெளியே வந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மூலை திரும்பி மறைந்துவிட்டார். நான் அலுவலகத்துக்குள் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.

அன்று எழுதியதில் இன்றும் எனக்கு நினைவிருக்கும் பகுதி இது: 'அவர் விழுந்துவிடுவார் என்று முதலில் நினைத்தேன். விழவில்லை. விழாதபோது எனக்குள் கடுகளவு ஏமாற்றம் தோன்றியது. முன்பின் பழகாத ஒரு பெண் விழ வேண்டும் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன்? தெருவில் என்னோடு நின்றவர்களும் அதையேதான் எதிர்பார்த்தார்களா?'

ஐயா சன்னலருகே நின்று வாசித்தார். வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். 'பெண்ணுலகின் விடிவெள்ளி' என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். குரல் அங்கே நின்றது. பென்சில் இறங்கியது.

"அந்தப் பிள்ளை பிள்ளைப்பேறு பாக்கப் போகுது. விடிவெள்ளியாகப் போகேல்லை." அந்த வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தார். "அவவைக் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. உடனே போனேன். மிஸ்ஸி தம் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். ஏமாற்றம் என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது.

"எழுதுங்க. ஆனா என்னைத் துணிச்சல்காரின்னு மட்டும் போட்டுறாதீங்க. நடந்து போனா நேரமாகுது. புள்ள எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அதான் சைக்கிள்."

அவர் சொன்னதையே கடைசி வரியாகச் சேர்த்தேன். விடிவெள்ளியைவிட நன்றாக இருந்தது.

பத்திரிகை வந்த மறுநாள் மாடிப்படி அதிர்ந்தது. குவார்ட்டர்ஸ் ஆண்கள் ஒரு கூட்டமாக ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் வடிவேலு கிராணி. ரயில்வே சரக்குப் பிரிவில் பெரிய கிராணி. குவார்ட்டர்ஸில் பஜனை, பொங்கல், பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. பின்னால் மூச்சு வாங்கியபடி எங்கள் முதலாளியும் வந்தார். அவருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் மளிகைக் கடை உண்டு. இவர்கள் எல்லாரும் அங்கே வாடிக்கை.

மிஸ்ஸி சைக்கிள் ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று மேலதிகாரியான டாக்டருக்கு மனுக் கொடுக்கப் போகிறோம், அந்த நேரம் பார்த்து இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கிராணி ஆரம்பித்தார். நம் பெண்களை மற்ற இனத்தார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா, வயது வந்த பெண்பிள்ளைகள் இதைப் பார்த்துக் கிளம்பினால் தெருவில் வரும் கேலிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அந்தக் கவலை உண்மையானது. அவர் கண்ணில் தெரிந்தது. உடனே அடுத்ததையும் கேட்டுவிட்டார்.

"எழுதறது சுலபம் தம்பி. உங்க வீட்டுப் பொம்பளைய சைக்கிள்ல ஏத்தி விடுவீங்களா?"

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. கீழே இயந்திரம் நின்றிருந்தது. அந்தோணி அண்ணே வேண்டுமென்றே நிறுத்திவிட்டு மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்றிவிடுவேன் என்று சொல்ல வாய் திறந்தேன். என் மனைவி பவளத்தின் முகம் நினைவுக்கு வந்தது.

"அவங்களைத்தான் கேக்கணும்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை, வெற்றி பெற்றவர் போலத் தலையசைத்தார். முதலாளி என் அருகே வந்து, பதில் சரியாக இல்லையென்றால் பத்தி நின்றுவிடும் என்று காதோடு சொன்னார். எது சரியான பதில் என்று அவருக்கே தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஐயா மட்டும் நிதானமாக இருந்தார். வீட்டில் கேட்டுவிட்டு வரும்படி என்னிடம் சொன்னார். கிராணி மறுத்து எழுதித் தந்தால் அதே அளவில் போடுவோம் என்று அவரிடம் சொல்லி, தாளும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தார். கூட்டமாக வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தாள் நீட்டினார். தாளைக் கண்டதும் பலருக்கு அவசர வேலை வந்துவிட்டது. கிராணி மட்டும் வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பவளமும் கிள்ளான்தான். அவளுடைய அப்பா மாட்டுவண்டி குத்தகைக்காரர். என் பத்தியை வாரந்தோறும் தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவது அவள்தான். வீட்டில் மட்டும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டாள். அன்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்னைத்தான் கேக்கணும்னேன்."

அவள் அரிசியை உலையில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகி இத்தன நாள்ல என்னைக் கேக்கணும்னு நீங்க சொன்னது இதான் மொத தடவ. அதையும் ஊரு முன்னாடி சொல்லியிருக்கீங்க." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கப்பாவோட மாட்டுவண்டிய நான் கிள்ளான்ல ஓட்டியிருக்கேன். இதுல மாடு கூட இல்ல. சைக்கிள் எங்க?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் சிரித்தாள். உலை பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் வாய்ப்பு வந்ததில்லை, அவ்வளவுதான். மிஸ்ஸியிடமே போய்க் கேட்டோம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பாடாங் என்ற புல்திடலில் விடிந்ததும் வகுப்பு. சேலையை எப்படிச் செருக வேண்டும், சங்கிலி கவ்வாமல் கொசுவத்தை எப்படி மடிக்க வேண்டும் என்பதிலேயே முதல் நாள் போய்விட்டது. இரண்டாம் நாள் பவளம் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது என் வேலை. மிஸ்ஸி முன்னால் நின்று, "கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்குவார். பவளம் விழவில்லை. நான் விழுந்தேன். வேட்டி தடுக்கி, பனி ஈரப் புல்லில் சறுக்கி, குப்புற விழுந்து நிமிர்ந்து பார்த்தால், பிடிக்க ஆளில்லாமலே அவள் பாடாங்கின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிறுத்தத் தெரியாததால் அங்கிருந்த புதரில் போய் மெதுவாக முட்டி நின்றாள். நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பார்வையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். பிசாங் கோரேங் என்ற வாழைப்பழப் பஜ்ஜி விற்கும் மலாய்க்கார அம்மாள் தம் தட்டோடு அங்கேயே கடை போட்டுவிட்டார். ரோந்து வந்த சீக்கியப் போலீஸ்காரர் ஒருவர், திருப்பத்தில் உடம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று மலாயில் பாடம் நடத்தினார். வேலிக்கு அப்பால் குவார்ட்டர்ஸ் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேலியைத் தாண்டி வந்தாள். தானும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமா என்று மிஸ்ஸியிடம் கேட்டாள். அவள் பின்னால் இன்னொருத்தி வந்தாள். இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி எனக்கு மூச்சே போயிற்று. அன்று அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டு போனேன். அந்தோணி அண்ணே கண்டும் காணாததுபோலத் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

அந்த வாரக் கடைசியில் நிலைமை மாறியது. மனு டாக்டரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரித்து முடிவு சொல்லும் வரை சைக்கிளில் போக வேண்டாம் என்று மிஸ்ஸிக்கு உத்தரவு வந்தது. மிஸ்ஸி பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடந்தார். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது பவளம் ஓடிப்போய்ப் பையை வாங்கிச் சுமந்து கூடவே போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டிருந்ததாம். தாயும் பிள்ளையும் நலம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவி தொப்புள்கொடி அறுக்கச் சமையல் கத்தியைக் காய்ச்சிக்கொண்டு தயாராக நின்றாளாம்.

அன்றே எழுதப் போகிறேன் என்று அலுவலக மேசையில் உட்கார்ந்தேன். ஐயா என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"கேள்வி உம்முடைய மனிசியைப் பற்றினது. பதிலை நீர் ஏன் எழுதுறீர்?"

தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பவளம் இரண்டு நாள் எழுதினாள். எழுதியதை என்னிடம் காட்ட மறுத்துவிட்டாள். அச்சுக் கோத்த பிறகுதான் பிழை திருத்தும் தாளில் பார்த்தேன். புதரில் முட்டியதை எழுதியிருந்தாள். புருஷன் விழுந்ததைத் தேவைக்கு மேல் விரிவாக எழுதியிருந்தாள். கத்தியைப் பற்றி எழுதியிருந்தாள். முடிவில் இப்படி இருந்தது: 'என்னை ஏற்றி விடுவீர்களா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்களாம். நானே ஏறிக்கொண்டேன். இறங்கத்தான் இன்னும் சரியாகப் பழகவில்லை.'

அதற்கு நேர் எதிரே, அதே நீளத்தில், அதே எழுத்தில் வடிவேலு கிராணியின் மறுப்பு. நான்காக மடித்துக் கொண்டுபோன தாளை நிரப்பிக் கொண்டுவந்து தந்திருந்தார். தலைப்பையும் அவரே கொடுத்திருந்தார்: 'எனக்கும் தோன்றியது'. அதைப் பார்த்து ஐயாவின் உதட்டோரம் அசைந்ததை நானும் அந்தோணி அண்ணேயும் சேர்ந்து பார்த்தோம். எழுதியிருந்ததும் நன்றாகத்தான் இருந்தது. தெருவில் பெண்களைக் கேலி செய்பவர்களை முதலில் திருத்துங்கள், பிறகு சைக்கிளைக் கொடுங்கள் என்பது அவர் வாதம். அந்த இடத்தை இரண்டு முறை வாசித்தேன். பத்திரிகை அன்று மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிற்று. இந்த யோசனையே தம்முடையதுதான் என்று முதலாளி கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

டாக்டர் ஓர் ஆங்கிலேயர். அவர் பத்திரிகையைப் படித்திருக்க வழியில்லை. ஆனால் பிரசவத்துக்கு மிஸ்ஸியைக் கூப்பிடுவது யார், அவர்களைக் கேட்க வேண்டாமா என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய்ப் பெண்களை விசாரித்து வரும்படி ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெஸ்ஸர் ஒருவரை அனுப்பினார். நானும் அவர் பின்னால் போனேன். ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். பெண்கள் கதவு நிலையில் நின்று பதில் சொன்னார்கள். நேரத்துக்கு வந்தால் போதும், எதில் வந்தால் என்ன என்றாள் ஒருத்தி. தனக்கும் ஓட்டத் தெரியும் என்றாள் வேலி தாண்டி வந்தவள். கடைசியாகக் கிராணி வீடு. அவர் மனைவி பதவிசானவர். வெளியே வந்து பேசியதே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னார்.

"எனக்கு வலி எடுத்தப்பல்லாம் எங்க வீட்டுக்காரங்க ஆபீஸ்ல இருந்தாங்க. மிஸ்ஸிதான் கூட இருந்தாங்க. சைக்கிளப் பத்தி ஆம்பளைங்கள ஏன் கேக்குறீங்க?"

டிரெஸ்ஸர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சைக்கிள் மறுபடி தெருவுக்கு வந்தது. மிஸ்ஸி முதல் நாள் எங்கள் அலுவலகத்தைத் தாண்டும்போது தேவையே இல்லாமல் நீளமாக மணியடித்துக்கொண்டு போனார். ஐயா சன்னலருகே ஒரு கட்டுரையோடு நின்றுகொண்டிருந்தார். வாசிப்பை நிறுத்தி, மணியோசை ஓயும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கிராணி எங்களோடு பகைக்கவில்லை. எழுதிப் பார்த்த கை சும்மா இருக்கவிடவில்லை போலிருக்கிறது. மாதம் ஒருமுறை 'எனக்கும் தோன்றியது' என்ற தலைப்பில் எதையாவது மறுத்து எழுதிக் கொண்டுவருவார். நான் மறுக்கத்தக்கதாக எழுதாத வாரங்களில் வந்து குறைப்பட்டுக்கொள்வார். பவளத்தை இன்னும் எழுதச் சொல்லி வாசகர்கள் கேட்டார்கள். ஐயா என்னைக் கூப்பிட்டு, அரைப் பத்தியை எங்கள் இருவருக்குமாகக் கால் காலாகப் பிரிக்கப் போவதாகச் சொன்னார். என் இடம் பாதியாகப் போன அன்று நான் மூன்று பேருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

தோட்டத்துத் துரைசானி ஒருத்தி விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று சீனர் கடையில் கிடைத்தது. காய்கறி வாங்கப் பவளம் பாசாருக்கு அதில்தான் போனாள். கொஞ்ச நாள் தெருவே திரும்பிப் பார்த்தது, பிறகு பாதித் தெரு, பிறகு நாய்கள் மட்டும். அப்படியிருக்க ஒரு மத்தியானம் தெலுக் பங்லிமா காராங்கில் நடக்கும் தொழிலாளர் கூட்டத்துக்கு நான் போக வேண்டியிருந்தது. கிள்ளான் ரயிலைப் பிடித்து அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். சாப்பிட்டு எழுந்தபோதே நேரமாகிவிட்டது. ரிக்‌ஷாவும் கண்ணில் படவில்லை. வாசலில் நின்று தவித்தேன். பவளம் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும் தோல்பையுமாக நான் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். சைக்கிள் ஒருமுறை அசைந்து நேரானது. பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையில் பட்டப்பகலில் என் மனைவி என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு மிதித்தாள். கோப்பிக்கடையில் தம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. முடிதிருத்தும் கடைக்காரர் கத்தியோடு வாசலுக்கு வந்தார். முதலாளி தம் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரயில் நிலைய வளைவில் வடிவேலு கிராணி எதிரே வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இதைப் பற்றி அவசியம் எழுதப் போகிறேன் என்று எங்களைத் தாண்டும்போது உரக்கச் சொன்னார். அதே நீளம் உண்டு என்று நான் திரும்பிக் கத்தினேன். பிறகு எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அடக்கினேன், முடியவில்லை. தோல்பையைக் கட்டிக்கொண்டு குலுங்கினேன். ரயில் புகை மரங்களுக்கு மேலே தெரிந்தது.

"சிரிக்காதீங்க" என்றாள் பவளம், அவளும் சிரித்துக்கொண்டே. "வண்டி ஆடுது."